ஊர் பேண்டு மேடை ஏறும்வரை

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர், டர்ஹாம் வட்டாரங்களில் சின்னஞ்சிறு ஊர்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு பித்தளை பேண்டு உண்டு. அதில் ஊதுபவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பகலில் பள்ளியிலோ மருத்துவமனையிலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு, பொதுவாக வாரத்தில் இரண்டு மாலைகள் பேண்டின் பயிற்சி அறையில் கூடுகிறார்கள். சம்பளம் கிடையாது; பல இடங்களில் உறுப்பினரே மாதச் சந்தா கட்டுகிறார். ஆனாலும் இவர்களில் சிறந்த குழுக்களின் வாசிப்பு, காசு வாங்கி வாசிக்கும் இசைக்குழுக்களுக்குக் குறைந்ததல்ல. அந்தத் தரம் எங்கிருந்து வருகிறது என்பது கச்சேரி மேடையைப் பார்த்தால் தெரியாது. அதற்கு முந்தைய வாரங்களின் ஒத்திகையில்தான் தெரியும்.

குழுவின் அமைப்பு ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றே. ஊதுபவர்கள் 25 பேர். மிகச் சிறிய கருவியான சொப்ரானோ கார்னெட் 1, சாதாரண கார்னெட் 9, ஃப்ளூகல்ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிட்டோன் 2, யூஃபோனியம் 2, டிராம்போன் 3, கீழ் ஸ்தாயிக்குப் பெரிய பேஸ் 4. இவர்களோடு டிரம், டிம்பனி, சைலஃபோன் வாசிக்கும் சிலர் பின்வரிசையில் இருப்பார்கள். கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. கார்னெட் வரிசை இசை நடத்துநரின் இடப்பக்கம், டிராம்போன்கள் வலப்பக்கம், பேஸ்கள் பின்னால் என்று நடுவில் வெற்றிடம் விட்ட ஒரு சதுரமாக உட்கார்வது வழக்கம்.

இந்த அமைப்பின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இசைத்தாளில் இருக்கிறது. பேஸ் டிராம்போனையும் தாளவாத்தியங்களையும் தவிர மற்ற எல்லோருடைய பாகங்களும் ஒரே வகைக் குறியீட்டில் எழுதப்படுகின்றன. வால்வு உள்ள கருவி எதுவானாலும் தாளில் உள்ள ஒரு ஸ்வரத்துக்கு ஒரே விரல் அமைப்புதான். காதில் விழும் ஸ்தாயி மட்டும் கருவிக்குக் கருவி மாறும். எனவே கார்னெட் கற்றவர் டெனர் ஹார்னுக்கோ பேஸுக்கோ மாறினால், புதிதாக எழுத்து கற்க வேண்டியதில்லை. உதட்டையும் மூச்சையும் பழக்கிக்கொண்டால் போதும். ஆலையில் இரவு முறை வந்துவிட்டது, சுரங்கத்தில் அடிபட்டுவிட்டது, வேறூருக்குக் குடிபோய்விட்டார் என்று ஆள் குறைந்துகொண்டே இருந்த உழைப்பாளர் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. காலி நாற்காலியை உள்ளேயே இருக்கும் ஒருவர் நகர்ந்து நிரப்பிவிடுவார்.

ஆலையும் சுரங்கமும்தான் இந்த பேண்டுகளின் பிறப்பிடம். 1818இல் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பதிவானது. அதன்பின் பித்தளைக் கருவிகளில் எல்லா ஸ்வரங்களையும் வாசிப்பது எளிதானது. அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் செய்த சாக்ஸ்ஹார்ன் என்னும் வால்வுக் கருவிகளை 1840களில் டிஸ்டின் குடும்பத்தினர் பிரிட்டன் முழுதும் வாசித்துப் பரப்பினார்கள். ஆலை முதலாளிகள் தொழிலாளர்களுக்குக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார்கள். ஜான் ஃபாஸ்டரின் கம்பளி ஆலை சார்ந்த பிளாக் டைக் பேண்டு 1855இல் குவீன்ஸ்பரியில் உருவானது. இன்றும் முன்னணியில் நிற்கிறது. முதலாளிகள் இதில் காட்டிய அக்கறை முழுக்க இசைக்காக என்று நம்ப வேண்டியதில்லை. மதுக்கடைக்குப் போகாமல் தொழிலாளியை மாலையில் ஓரிடத்தில் உட்கார வைப்பதும் அவர்கள் கணக்கில் இருந்தது. 1853இல் மான்செஸ்டரின் பெல் வியூ விலங்குக் காட்சித் தோட்டத்தில் நடந்த முதல் பெரும் போட்டியில் வென்றது மோஸ்லி ஊரின் மதுவிலக்கு சாக்ஸ்ஹார்ன் பேண்டு. (தமிழ்நாட்டுக்கு பேண்டு வாத்தியம் வந்த வழி வேறு. இங்கே அது கோட்டைப் பட்டாளத்தோடும் தஞ்சை அரண்மனையோடும் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அந்த மேல்நாட்டு மெட்டுகளில் அமைந்தவை.)

கச்சேரிக்கான வேலை உருப்படிகளைத் தேர்வதில் தொடங்குகிறது. அணிவகுப்பு மெட்டு ஒன்று, ஓபரா முன்னிசை ஒன்று, தனிவாசிப்பு ஒன்றிரண்டு, ஒரு துதிப்பாடல், திரைப்பட இசை, முடிவுக்கு ஆரவாரமான ஒன்று என்பது பழகிய வரிசை. எதை வைப்பது என்பதை நடத்துநரின் ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை. கையில் இருக்கும் ஆட்களையும் பார்க்க வேண்டும். யூஃபோனியத்தில் நல்ல ஆள் இருந்தால் அவருக்கு ஒரு தனிவாசிப்பு கிடைக்கும். சொப்ரானோ கார்னெட்டின் உச்சிப் பகுதியை ஊத ஆளில்லை என்றால், எவ்வளவு அழகான உருப்படியானாலும் அலமாரிக்கே திரும்பிவிடும். அந்தக் கருவிக்குக் குழுவில் ஒரே ஆள்தான். தவறினால் ஒளிந்துகொள்ள இடமில்லை. தேர்வு முடிந்ததும் இசைத்தாள்களைக் காக்கும் பொறுப்பாளர் ஒவ்வொரு நாற்காலிக்கும் உரிய பாகங்களை எடுத்து உறையில் அடுக்குகிறார். மூன்றாம் கார்னெட்டின் ஒரு தாள் காணாமல் போனால்கூட ஒத்திகை நின்றுவிடும் என்பதால், ஒரு ஸ்வரமும் ஊதத் தேவையில்லாத இந்த வேலைக்கும் பேண்டில் மரியாதை உண்டு.

ஒத்திகை மெதுவான துதிப்பாடலோடு தொடங்கும். இதைப் பக்தி என்று எண்ணிவிடக் கூடாது, இது உடற்பயிற்சி. நீண்ட ஸ்வரங்கள் உதட்டுத் தசையைச் சூடேற்றுகின்றன, மூச்சைச் சீராக்குகின்றன. அதைவிட முக்கியமாக, ஒவ்வொருவரும் தன் ஒலியை அடுத்தவர் ஒலிக்குள் பொருத்திப் பார்க்க நேரம் தருகின்றன. பேஸ்கள் பலமாகவும் மேல் ஸ்தாயிக்குப் போகப்போக ஒலி மெலிந்தும் இருந்தால்தான் பித்தளை பேண்டுக்குரிய உருண்ட, வழவழப்பான நாதம் வரும். கார்னெட் மேலோங்கினால் காது கிழியும். நல்ல நடத்துநர் இந்தப் பாடலுக்கே கால் மணி நேரம் செலவழிப்பார். பொறுமையற்றவர் இதைத் தாண்டிக்கொண்டு போய்க் கடைசி வாரத்தில் அவதிப்படுவார்.

அடுத்தது சுருதி. பித்தளைக் கருவியில் சுருதி பெட்டி வைத்து முடிக்கும் காரியமல்ல. அது வாசிக்கும்போதே நகர்ந்துகொண்டிருக்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடி சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். 0 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 331 மீட்டர் செல்லும் ஒலி, 20 டிகிரியில் சுமார் 343 மீட்டர் செல்கிறது. குளிர்காலத்தில் சில்லிட்ட தேவாலயத்தில் வாசிக்கும்போது பேண்டுக்காரர்கள் சத்தம் வராமல் கருவிக்குள் சூடான மூச்சை ஊதிக்கொண்டே இருப்பது இதனால்தான். வால்வுகளிலும் ஒரு சங்கடம் உண்டு. இரண்டாம் வால்வு ஸ்வரத்தை அரைப்படி இறக்கும், முதலாவது ஒரு படி, மூன்றாவது ஒன்றரைப் படி. ஒன்றாக அழுத்தும்போது கூட்டிச் சேரும் குழாயின் நீளம் தேவையைவிடச் சற்றுக் குறைந்துபோவதால் சுருதி ஏறி நிற்கும். கார்னெட்காரர் மூன்றாம் வால்வின் குழாயை விரலால் தள்ளிச் சரிசெய்கிறார். யூஃபோனியத்துக்கும் பேஸுக்கும் டேவிட் பிளெய்க்லி 1870களில் அமைத்துக்கொடுத்த ஈடுகட்டும் குழாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இவையெல்லாம் இருந்தும் கடைசித் திருத்தம் உதட்டிலும் காதிலும்தான். 1960களின் நடுப்பகுதிவரை இந்த பேண்டுகள் மற்ற இசைக்குழுக்களைவிடக் கிட்டத்தட்ட அரைப்படி உயர்ந்த தனிச் சுருதியில் வாசித்தன. கருவி செய்வோர் அந்தச் சுருதியில் செய்வதை நிறுத்திய பிறகே மாறின.

புதிய உருப்படியை முதல் தடவை நிற்காமல் ஓட்டிவிடுவது மரபு. தாளைப் பார்த்ததும் வாசிக்கும் பழக்கம் இவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே வரும். எங்கே உடைகிறது என்று அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும். பின்பு அந்த இடங்களைப் பிரித்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பிரிவு பிரிவாக வாசித்துப் பார்க்கிறார்கள். வேகமான இடங்களில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கு நுனியால் மட்டும் வெட்ட முடியாது. ‘துகு துகு’ என்று நாக்கின் முன்னும் பின்னும் மாறிமாறித் தட்ட வேண்டும், மூன்று மூன்றாக வந்தால் ‘துதுகு’. கொன்னக்கோல் பழகும் பிள்ளைபோல, கருவியை மடியில் வைத்துவிட்டு இந்தச் சொற்களை வாயால் மட்டும் சொல்லிப் பழகுவதும் உண்டு.

மூச்சு எங்கே எடுப்பது என்பது தனிக் கலை. நீண்ட ஸ்வரம் ஒன்றில் நான்கு பேஸ்களும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் அடித்தளமே ஓட்டையாகிவிடும். ஆகவே பக்கத்தில் இருப்பவர் எடுக்காத இடத்தில்தான் நான் எடுப்பேன் என்று பேசிவைத்து, தாளில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்கள். மூச்சு, சுருதி, வேகம், நடத்துநரின் திடீர் எச்சரிக்கை எல்லாம் பென்சில் குறிகளாகத் தாளில் சேர்கின்றன. பழைய தாள்களில் முந்தைய தலைமுறை போட்ட குறிகள் அழியாமல் கிடப்பதும் உண்டு. அவற்றை மதிப்பதா அழிப்பதா என்பது அந்தந்த நாற்காலிக்காரரின் விருப்பம்.

உதடும் தசைதான், அது களைத்துப்போகும். முதல் கார்னெட்காரர் தனிவாசிப்பு, உச்ச ஸ்தாயி, வழிநடத்தல் எல்லாவற்றையும் சுமப்பவர் என்பதால், சத்தமாக எல்லோரும் சேர்ந்து ஊதும் இடங்களில் அடுத்த நாற்காலிக்காரர் அவருக்காக ஊதி அவரைச் சற்று இளைப்பாற விடுவார். கடினமான உருப்படியை ஒத்திகையின் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்வதும் இதே காரணத்துக்காக. கச்சேரிக்கு முந்தைய கடைசி ஒத்திகையில் புதிதாக எதையும் திருத்துவது வீண்வேலை. வரிசைப்படி வாசித்து, ஒலியடைப்பான் மாட்டவும் தாள் திருப்பவும் தனிவாசிப்பாளர் எழுந்து முன்னால் வரவும் நேரம் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இந்தக் கண்டிப்பைப் பழக்கியது போட்டிதான். 1900 முதல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் தேசியப் போட்டி நடந்தது. 1936இல் அந்த மாளிகை எரிந்துபோயிற்று. 1945 முதல் இறுதிச்சுற்று ராயல் ஆல்பர்ட் அரங்குக்கு வந்தது. எல்லாக் குழுக்களும் ஒரே உருப்படியை வாசிக்க வேண்டும். யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாதபடி நடுவர்கள் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1928க்கும் எட்வர்ட் எல்கர் 1930க்கும் இப்போட்டிக்கென்றே புது இசை எழுதிக் கொடுத்தார்கள் என்றால், உழைப்பாளர் குழுக்களுக்கு இருந்த மதிப்பு விளங்கும். பெந்தெகொஸ்தே ஞாயிறை அடுத்த வெள்ளிக்கிழமை சாடில்வொர்த், டேம்சைடு பகுதிகளில் வேறுவகைப் போட்டி நடக்கிறது. பேண்டுகள் பேருந்தில் ஊர் ஊராகப் போய், தெருவில் ஒரு மெட்டும் திடலில் ஒரு மெட்டும் ஊதிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகின்றன. அங்கேயும் நடுவர் திரை போட்ட வண்டிக்குள்தான். போட்டி கெடுத்ததும் உண்டு. வெற்றிக்காக ஆள் பிடிக்கும் பழக்கம் முற்றியதால் வாசிப்பவர்களைப் பதிவு செய்யும் விதி வந்தது. ஆயினும் போட்டி இல்லாமல் இந்தத் தரத்தை எட்டியிருக்க முடியாது என்பதில் ஐயமில்லை.

சுரங்கங்கள் மூடிய காலம் பேண்டுகளுக்கும் சோதனைக் காலம். 1992 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு சுரங்கங்கள் பலவற்றை மூடப்போவதாக அறிவித்த சில நாட்களிலேயே கிரைம்தார்ப் சுரங்க பேண்டு தேசியப் போட்டியில் வென்றது. அடுத்த ஆண்டு அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. 1917இல் தொடங்கிய பேண்டு மூடவில்லை. 1996இல் வந்த ‘பிராஸ்டு ஆஃப்’ திரைப்படத்தின் கதைக்கு உந்துதலாக இருந்ததும், அதற்கு வாசித்ததும் இதே குழு. டர்ஹாமில் சுரங்கத் தொழிலாளர் திருவிழா 1871இல் தொடங்கியது. இன்று அங்கே சுரங்கம் இல்லை, திருவிழா இருக்கிறது. ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் தொழிற்சங்கப் பதாகைகளோடு பேண்டுகள் நடக்கின்றன. 1934இல் 266 பேரைப் பலிகொண்ட கிரெஸ்ஃபோர்டு சுரங்க வெடிப்பின் நினைவாக, தானும் சுரங்கத் தொழிலாளியான ராபர்ட் செயின்ட் அமைத்த துதியிசையை அங்கே ஊதும்போது கூட்டம் எழுந்து நிற்கும்.

இன்று செலவுதான் பெரும்பாடு. ஒரு நல்ல யூஃபோனியம் பல ஆயிரம் பவுண்டு. கருவிகள் பெரும்பாலும் பேண்டின் சொத்து. வாசிப்பவர் இரவல் வாங்கியவரே. கிறிஸ்துமஸ் மாதம் கடைவீதியில் நின்று துதிப்பாடல் ஊதிச் சேர்க்கும் பணமும் கோடையில் பூங்கா மேடைக் கச்சேரியும் வரவில் முக்கியமானவை. பள்ளிகளில் இசைக்கல்விக்கு ஒதுக்கும் பணம் சுருங்கியதால், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலையையும் பேண்டுகளே ஏற்றிருக்கின்றன. பயிற்சி அறையில் முதல் மணி நேரம் சிறுவர் குழுவுக்கு, அடுத்தது பெரியவர்களுக்கு என்று பிரித்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். சிறுவர் குழு நடத்தாத பேண்டில் நாற்காலிகள் முதலில், புதியவர்கள் வந்து சேரும் மூன்றாம் கார்னெட் வரிசையில் காலியாகின்றன. அங்கே ஆளில்லாவிட்டால், வேறு நாற்காலிக்கு நகர்த்தவும் ஆளிருக்காது.