பாட் லிமிட்டில் லிமிட் எங்கே இருக்கிறது?

நம்ம ஊரில் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், லேகியம், வெடி. இங்கே டெல்லி, குர்காவ்ன் பக்கம் சீட்டும் உண்டு மக்களே. ரெண்டு வாரம் முன்னாலேயே 'தாஷ் பார்ட்டி' அழைப்பு வர ஆரம்பித்துவிடும். தீபாவளிக்கு ஆடாதவன் அடுத்த ஜென்மத்தில் கழுதையாகப் பிறப்பான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். பெரும்பாலும் தீன் பத்தி, அதாவது நம்ம மூணு சீட்டு. சில வீடுகளில் போக்கர். அதிலும் ஆளுக்கு நாலு சீட்டு கொடுக்கிற ஒமாஹா.

"பாட் லிமிட்தான் அண்ணா, பெருசா ஒண்ணும் போகாது." எங்கள் அடுக்ககத்தில் இருக்கிற ஒரு தம்பி போன தீபாவளிக்குச் சொன்னது இது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பையன். அந்த 'பெருசா போகாது' பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட் என்றால் நடுவில் கிடக்கிற மொத்தப் பணம். அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் விதி. ஆனால் எண்ணுகிற முறையில் ஒரு சூட்சுமம். நடுவில் 100 ரூபாய். எதிராளி 50 வைக்கிறார். நான் முதலில் அந்த 50ஐ கால் பண்ணியதாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது பாட் 200. அந்த 200ஐ மேலே ஏற்றலாம். ஆக நான் தள்ளக்கூடியது 250. சுருக்கு வழி: கடைசிப் பந்தயத்தை மூன்றால் பெருக்கி, அதற்கு முன் நடுவில் இருந்ததைக் கூட்டுங்கள்.

இதில் என்ன ஆகிறது? ஒருவர் முழு பாட் வைத்து இன்னொருவர் கால் பண்ணினால் பாட் மூன்று மடங்கு. 100, 300, 900, 2700. மூன்றே சுற்றில் ஒவ்வொருவர் கையிலிருந்தும் 1300 போயிருக்கும். வேலி இருக்கிறது, ஆனால் வேலியும் கூடவே நகர்கிறது.

சரி, எப்போது கால் பண்ணலாம்? முழு பாட் பந்தயம் என்றால் 200 ஜெயிக்க 100 கட்டுகிறோம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு வேண்டும். மூன்று பொதுச் சீட்டு திறந்தபின் ஃப்ளஷ்ஷுக்கு ஒரே சீட்டு பாக்கி, உதவக்கூடியவை 9 என்றால், மீதி இரண்டு சீட்டில் அது வர வாய்ப்பு சுமார் 36 சதவீதம். கட்டுபடியாகிறதே என்று தோன்றும். ஆனால் நாலாவது சீட்டில் வராவிட்டால் எதிராளி மறுபடி பாட் வைப்பார். அப்போது நம் வாய்ப்பு சுமார் 20 சதவீதம்தான். கையிலிருப்பது எல்லாம் முதலிலேயே உள்ளே போய் ஆல்-இன் ஆகிவிட்டால் மட்டுமே ஒரே விலைக்கு இரண்டு சீட்டும் பார்க்கலாம். அதனால் சீட்டைப் பார்க்கும் முன் இருவர் முன்னாலும் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஃபோனில் ஆடியவரை இதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொண்டது. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் பெரிய தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. வீட்டு மேசையில் விதியை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் ஆட்டத்திலேயே பாருங்கள். நான் டீயோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் 300. வீட்டுக்காரர் 200 வைத்தார். தம்பி கால் பண்ணினான். மூன்றாமவரிடம் இருந்ததே 300தான், எல்லாவற்றையும் தள்ளி ஆல்-இன். சுற்று திரும்பி வந்ததும் வீட்டுக்காரர், "பாட்!" என்றார். அதாவது மேலே 1100. 200 கட்டி நிம்மதியாக இருந்த பையனிடம் இன்னும் 1200 கேட்கிறார்கள். முகம் வெளுத்துவிட்டது.

அங்கேதான் விதி காப்பாற்றியது. ரெய்ஸ் என்றால் முந்தைய பந்தயத்தின் அளவாவது ஏற்ற வேண்டும். 200க்கு மேல் இன்னும் 200. மூன்றாமவர் ஏற்றியது வெறும் 100. கையில் காசு இல்லாததால் அது செல்லும், ஆனால் முழு ரெய்ஸ் ஆகாது. ஏற்கெனவே தன் முறையை ஆடியவர்கள் அந்த 100ஐக் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்க்கலாம். மறுபடி ஏற்ற முடியாது. இன்னும் முறை வராத ஆள் இருந்தால் அவர் மட்டும் ஏற்றலாம்.

கொஞ்சம் சத்தம் போட்டார்கள். யாரோ ஃபோனில் விதியை எடுத்துப் படித்ததும் வீட்டுக்காரர் மரியாதையாக ஒத்துக்கொண்டார். தம்பி 100 கட்டினான். அடுத்த சீட்டு திறந்தபின் வந்த பந்தயத்துக்குக் கவிழ்த்துவிட்டான்.

உட்காரும் முன் கேட்க வேண்டியது இன்னொன்று: "டேபிள் ஸ்டேக்ஸ்தானே?" ஆட்டத்தின் நடுவே பாக்கெட்டிலிருந்து காசு எடுக்கக்கூடாது, முன்னால் வைத்திருப்பதுதான் எல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் புதிதாக வாங்கலாம். அந்த ஓட்டையை டேபிள் ஸ்டேக்ஸ் விதி அடைப்பதில்லை. தம்பி அன்றைக்கு 1000 ரூபாயோடு வந்தவன், ஏடிஎம் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அவனுக்கு லிமிட் அதுதான்.

டிஸ்கி: சூதாட்டச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அழைப்பு வந்தால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை வைத்து ஆடினாலும் மேலே சொன்ன கணக்கு அத்தனையும் அப்படியே பொருந்தும்.