மேகம் மறைத்த மலை

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரிலே நெடுங்காலமாக ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஆண்டு முடிந்த பின்னரும் அதனைக் கழற்ற என் மனைவி உடன்படவில்லை. ஒக்டோபர் மாதத் தாளிலுள்ள படமே அதற்குக் காரணம். நீலநிற ஏரி, கரையிலே தீ மூண்டாற்போலச் சிவந்த மரங்கள், பின்னால் ஓங்கி நிற்கும் ஒரு மலை. ஜப்பான் தேசத்துச் சூசென்ஜி ஏரியும் நன்தாய் மலையுமே அவை. “ஒரு நாளைக்கு இதை நேரிலே பார்க்க வேண்டும்” என்று அவள் சொல்லுவாள். பாராமலே போய்விட்டாள்.

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், அப்போது டோக்கியோவிலே கல்வி பயின்றுகொண்டிருந்த மகளிடம் சென்றேன். அந்தப் படத்தை அப்படியே என் கமராவில் எடுத்துவர வேண்டுமென்பதே என் எண்ணம். டோக்கியோவிலிருந்து ரயிலிலே இரண்டு மணி நேரம் சென்றால் நிக்கோ நகரம் வரும். அங்கிருந்து பஸ் மலையேறுகிறது. ஏறுவதற்கொரு பாதை, இறங்குவதற்கொரு பாதை. இரண்டிலுமாக 48 வளைவுகள். நம் பிள்ளைகள் ‘அ, ஆ’ என்று தொடங்குவதுபோல, பழைய ஜப்பானிய அரிச்சுவடி ‘இ, ரோ, ஹா’ என்று தொடங்கும். அதன் எழுத்துகளை ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொன்றாகச் சூட்டி, அப்பாதைக்கு ‘இரோஹாசக்கா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

அடிவாரத்திலே மரங்கள் பச்சையாயிருந்தன. ஏற ஏற மஞ்சளாகி, பின்னர் சிவந்தன. வசந்தத்திலே செரிப்பூ தெற்கிலிருந்து வடக்கே பூத்துச் செல்லும். இலையுதிர்காலத்துச் செம்மையோ வடக்கிலிருந்து தெற்கேயும், மலையுச்சியிலிருந்து அடிவாரத்துக்கும் இறங்கி வரும். இரவுகள் குளிரத் தொடங்கியதும் இலையின் பச்சையம் அழிகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ, இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து அப்போதுதான் புதிதாக உண்டாவது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்தாற்றான் அந்நிறம் சுடர்விடும். மாறும் வானிலையைப் படப்பிடிப்பாளர் வைவதுண்டு. ஆனால் அவர் தேடி வந்த நிறத்தை ஆக்கியதே அவ்வானிலைதான்.

இந்த நியாயமெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. கடல்மட்டத்துக்கு 1,269 மீற்றர் உயரத்திலுள்ள ஏரிக்கரையில் இறங்கியபோது, மலையைக் காணோம். 2,486 மீற்றர் உயரமான நன்தாய் மலையை மேகம் முழுவதும் விழுங்கியிருந்தது. அருகிலே 97 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கேகோன் அருவியின் ஓசை கேட்டது, அருவி தெரியவில்லை. பெண்ணின் மனமும் இலையுதிர்கால வானமும் ஒன்று என்று அந்நாட்டிலே ஒரு பழமொழி உண்டு. முற்காலத்தில் அது ஆணின் மனமாயிருந்ததாம். மகள் இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முக்காலியை நிறுத்தி, மலையிருந்த திசையையே பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். தூறல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது.

“அப்பா, இங்கே வாருங்கள். இந்த இலையைப் பாருங்கள்.”

“மலை தெரியட்டும் பிள்ளை, பிறகு பார்ப்போம்.”

மூன்றாம் முறை அவள் அழைத்தபோது, அவளைச் சமாதானப்படுத்துவதற்காகத் திரும்பி ஒரு படம் எடுத்தேன். உடனே மலைப்பக்கம் திரும்பிவிட்டேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு மெதுவாக, “அம்மா இருந்திருந்தால் மலைக்காகக் காத்துக்கொண்டு நிற்பாவா? மழையிலே நடந்திருப்பா” என்றாள்.

நான் மறுமொழி சொல்லவில்லை. குளிர் தாங்காமல் இருவரும் ஒரு தேநீர்க்கடைக்குள் நுழைந்தோம். தேநீர் வந்து வைத்த கணத்திலே வெளியே வெயில் எறித்தது! கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேகம் விலகி, மலை நின்றது. ஆனால் என் கண்ணுக்குக் கமராவிலே வெண்மையன்றி வேறொன்றும் தெரியவில்லை. குளிர்ந்திருந்த கண்ணாடி வில்லையிலே கடையின் வெப்பக் காற்று நீராய்ப் படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. அது தெளிவதற்குள் மலையை மறுபடியும் மேகம் மூடிற்று. குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் செல்பவர்கள் கமராவை முன்னதாகவே பையிலிட்டு இறுக மூடிக்கொள்ள வேண்டுமென்பதை அன்றே கற்றேன்.

மகள் என் கையைப் பற்றினாள். “கண்ணாலே கண்டோமே அப்பா, அது போதும்” என்றாள். அதன் பின்னர் முக்காலியை மடக்கிவிட்டு, ஏரிக்கரையிலே மழையில் இருவரும் வெகுதூரம் நடந்தோம். அன்று அவள் தன் தாயைப் பற்றிப் பேசியவை பலவும் நான் முன்னர் அறியாதவை.

ஊருக்கு வந்து படங்களைப் பார்த்தேன். மேகத்தையே எடுத்த படங்கள் பல. அவற்றினிடையே அந்த ஒன்று: குடைக்கீழ் மகள், கையிலே நனைந்த மேப்பிள் இலை, பின்னால் வெண்பனி. மேகத்தினூடாக வந்த மென்மையான ஒளியிலே நிழல்கள் கடுமையாக விழவில்லை. மழையில் நனைந்த இலையின் சிவப்பும் ஆழ்ந்திருந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு அவள் தாயின் சிரிப்பு. எடுத்தபோது நான் அதைப் பார்க்கவேயில்லை.

நாட்காட்டியை நான் கழற்றவில்லை. அதன் அருகே இந்தப் படத்தை மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, “இதிலே மலை எங்கே?” என்று கேட்பார்கள்.

“பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறது” என்று சொல்வேன்.