முத்துவுக்கு ஓர்கானிக் உணவு தேவைதானா?



இம்முறை இலக்கணத்தையும் வகுப்பறையையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, எங்கள் வீட்டு நாயின் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். நாய்க்குச் சோறு போடுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட பொருள் இதுதான்.

முத்துவுக்கு ஒன்பது வயது. நாட்டு நாய், எடை பன்னிரண்டு கிலோ. அண்மையில் இரத்தப் பரிசோதனை செய்த கால்நடை மருத்துவர், சிறுநீரகம் தளரத் தொடங்கியிருப்பதாகக் கூறினார். நான்கு படிநிலைகளில் இரண்டாவது என்றார். செய்தியைக் கேட்டதும், வெளியூரில் பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகள் அழுதுவிட்டாள். மறுநாளே, "அம்மா, இனி அவனுக்கு ஓர்கானிக் உணவுதான் வாங்க வேண்டும். இத்தனை நாள் கடையில் விற்ற இரசாயனத்தைத்தானே சாப்பிட்டான்!" என்றாள். அவளுடைய அன்பு எனக்குப் புரிந்தது. ஆனால், அன்பு கேட்கிறது என்பதற்காக விடையை ஆராயாமல் விட இயலுமா? ஆசிரியர் தொழில் என்னை அப்படிப் பழக்கவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மலாய் மொழியில் 'ஓர்கானிக்' வேறு, 'செமுலா ஜாடி' வேறு. தமிழில் நாம் இரண்டையுமே 'இயற்கை' என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. செயற்கை நிறமும் மணமும் சேர்க்காத உணவை 'இயற்கை உணவு' என்று விற்கலாம். ஆனால், ஓர்கானிக் என்பது விளைவித்த முறையைக் குறிக்கும் சொல். செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இடாமல் பயிர் வளர வேண்டும். கால்நடைகளுக்கு அத்தகைய தீவனத்தையே தர வேண்டும். நம் நாட்டில் வேளாண்மைத் துறை 'மைஓர்கானிக்' என்ற சான்றிதழை விளைபொருள்களுக்கு வழங்குகிறது. அமெரிக்க விதிப்படி, ஓர்கானிக் முத்திரை பெற, நீரும் உப்பும் நீங்கலாக, 95 விழுக்காட்டு மூலப்பொருள்கள் அவ்வாறு விளைந்தவையாக இருக்க வேண்டும். 70 விழுக்காடு இருந்தால் 'ஓர்கானிக் பொருள்களால் செய்யப்பட்டது' என்று எழுதிக்கொள்ளலாம். எனவே, மூட்டையில் பச்சை இலைப் படம் இருக்கிறது என்பதற்காக அது ஓர்கானிக் ஆகிவிடாது.

அப்படியே உண்மையான ஓர்கானிக் என்று வைத்துக்கொள்வோம். அதனால் உடலுக்கு என்ன கூடுதல் நன்மை? 2012-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஓர்கானிக் உணவில் சத்து குறிப்பிடத்தக்க அளவு மிகுதி என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் குறைவாக இருந்தது உண்மை. ஆயினும், சாதாரண உணவிலும் அது பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டவில்லை. இது மனிதர் உணவைப் பற்றிய ஆய்வு. ஆயினும், அரிசியின் சத்து உண்பவரைப் பார்த்து மாறுவதில்லையே!

முத்துவின் நிலைமைக்கு வருவோம். தளர்ந்த சிறுநீரகத்தால் பாஸ்பரஸைச் சரிவர வெளியேற்ற முடியாது. ஆகவே, அவனுடைய உணவில் பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டும். புரதம் அளவோடும் தரமாகவும் இருக்க வேண்டும். சிறுநீரக நோயுற்ற 38 நாய்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2002-இல் வெளிவந்தது. சிறுநீரகத்துக்கென வகுத்த உணவைத் தின்றவற்றுக்கு, சாதாரண உணவைத் தின்றவற்றைக் காட்டிலும் ஆபத்தான நெருக்கடிகள் குறைந்தன. அவை கூடுதல் காலம் வாழ்ந்தன. கோழி எந்தப் பண்ணையில் வளர்ந்தாலும், எந்தத் தீவனத்தைத் தின்றாலும், அதன் இறைச்சியிலும் எலும்பிலும் பாஸ்பரஸ் இருக்கத்தான் செய்யும். மகள் காட்டிய ஓர்கானிக் உணவில் இறைச்சியும் எலும்புத்தூளும் நிறைந்திருந்தன. நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கு அதனால் கேடில்லை. முத்துவுக்கு அது பொருந்தாது. மருத்துவரும் இதையே கூறினார்.

இனிக் கணக்கு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிராம் உலர் உணவு தின்னும்; மாதத்துக்கு 6 கிலோ. எங்கள் வட்டாரக் கடைகளில் நான் பார்த்த அளவில், சாதாரண உணவு கிலோவுக்கு 12 ரிங்கிட். இறக்குமதியான ஓர்கானிக் உணவு 60 ரிங்கிட். மாதத்துக்கு 72 ரிங்கிட் எங்கே, 360 ரிங்கிட் எங்கே! ஓராண்டில் வேறுபாடு 3,456 ரிங்கிட். இந்தப் பணத்தில் ஆண்டுத் தடுப்பூசி, கொசுவால் பரவும் இதயப்புழு நோய்க்கான தடுப்பு மருந்து, உண்ணிக் காய்ச்சல் வராமல் காக்கும் மருந்து, இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் ஆகியவற்றையெல்லாம் முடித்துவிடலாம். கொசுவும் உண்ணியும் ஆண்டு முழுவதும் இருக்கும் நம் நாட்டில் இவை ஆடம்பரம் அல்ல.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து இறுதிவரை கண்காணித்த ஆய்வின் முடிவும் 2002-இல் வெளியானது. பாதி நாய்களுக்கு, தத்தம் இணை தின்றதைவிடக் கால் பங்கு குறைவாகவே உணவு தரப்பட்டது. அவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். இரண்டு தரப்பும் தின்றது ஒரே உணவு. வேறுபாடு அளவில் மட்டுமே. உடல் பருக்காமல் பார்த்துக்கொண்டதற்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் நாயின் உணவை அளந்து போடுகிறோம்?

"அப்படியென்றால் சந்தையில் ஓர்கானிக் காய்கறியும் கோழியும் வாங்கி நாமே சமைத்துப் போடலாமே" என்று என் கணவர் யோசனை கூறினார். கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால், 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் இன்றியமையாத ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. வெறும் சோறும் கோழியும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. நம் குழம்பிலும் சாம்பாரிலும் தவறாமல் இடம்பெறும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. அவை ஓர்கானிக் வெங்காயமாக இருந்தாலும் அப்படித்தான். வீட்டில் சமைப்பதென்றால், கால்நடை உணவியல் அறிந்தவர் வகுத்த குறிப்பைத் துல்லியமாகப் பின்பற்ற வேண்டும்.

இந்த விவாதத்தின் நடுவே என் தாயார், "தோட்டத்துல இருந்தப்போ நாய்ங்க கருவாட்டுக் குழம்புச் சோறு தின்னுட்டு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். பால்மரம் சீவப் போகும் அம்மாவுக்குத் துணையாக விடியற்காலை இருட்டில் முன்னே ஓடிய நாய்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால், பாம்பு கடித்தும் உண்ணிக் காய்ச்சல் கண்டும் இளமையிலேயே இறந்த நாய்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. நீண்ட நாள் வாழ்ந்த ஒன்றிரண்டுதான் நினைவில் நிற்கின்றன. சோறு நாய்க்கு நஞ்சில்லை என்பது மட்டும் மெய். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் மிகுதி என்பதை 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியது. மனிதனோடு வாழ்ந்து நம் சோற்றுக்குப் பழகிவிட்ட உயிரினம் அது.

அம்மாவின் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. மரம் சீவுவதை விட்டபின் அவர் சில ஆண்டுகள் களைக்கொல்லி தெளிக்கும் வேலை செய்தார். 'மருந்தடிக்கும் வேலை' என்போம். முதுகில் தோம்பு, காலில் கிழிந்த காலணி, முகத்தில் ஒரு துணி; பாதுகாப்பு அவ்வளவுதான். அவருடைய விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்ததைச் சிறுமியாக இருந்த நான் பார்த்திருக்கிறேன். தோட்டங்களில் பரவலாகப் பயன்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியை நம் நாடு 2020-ஆம் ஆண்டு சனவரியில்தான் முழுமையாகத் தடை செய்தது. ஓர்கானிக் என்ற சொல்லுக்கு என் மனத்தில் மதிப்பு உண்டென்றால், அது அம்மாவின் நகங்களால் வந்த மதிப்பு. அம்முறையின் முதன்மையான பயன், உண்பவரைக் காட்டிலும் நிலத்துக்கும் நீருக்கும் அங்கே உழைப்பவருக்குமே போய்ச் சேர்கிறது. இக்காரணத்துக்காக ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால் நான் வணங்குவேன். நாயின் நோய் தீரும் என்று நம்பிக் கொடுத்தால் தடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளம்பர மொழியைக் கற்பிப்பதற்காக, நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஒரு நாயுணவு விளம்பரத் தாளை எடுத்துச் சென்றிருந்தேன். விலையைப் படித்த மாணவன் ஒருவன், "டீச்சர், இது ஒரு நாய் ஒரு மாதத்துக்குத் தின்பதா?" என்று கேட்டான். கேள்வியில் குறும்பில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். வீட்டில் பசியாறாமல் வந்து, பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டத்தின்வழி இலவச உணவு பெறும் பிள்ளை அவன். "ஆமாம்" என்றேன். அவன் தலையசைத்துவிட்டு அடுத்த வரியைப் படித்தான்.

நாய்க்குச் செலவிடுவதே தகாது என்று நான் இதனால் முடிவு கட்டவில்லை. நம்மை நம்பி வீட்டுக்குள் வந்த உயிரின் நோய்க்கு மருந்து வாங்குவது கடமை. அந்தக் கடமைக்குள் அடங்காத 3,456 ரிங்கிட்டுக்கு வேறு வேலைகள் காத்திருக்கின்றன. அவற்றுள் சில என் வகுப்பிலேயே இருக்கின்றன.

முடிவாக நாங்கள் செய்தது இதுதான். மருத்துவர் பரிந்துரைத்த சிறுநீரக உணவை வாங்குகிறோம். அது விலை குறைந்ததன்று. ஆனால், அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. சமையலறைத் தராசில் நிறுத்தே போடுகிறோம். தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இரவுச் சந்தையில் ஓர்கானிக் கீரை விற்கும் ஒரு விவசாயியிடம், முடிந்த வாரங்களில், எங்களுக்குக் கீரை வாங்குகிறோம். மகளிடம் ஆய்வுகளையும் கணக்கையும் விளக்கினேன். முதலில் முறுக்கிக்கொண்டாள், பிறகு, "சரிம்மா, தராசுக்குப் புதிய மின்கலம் நான் வாங்கித் தருகிறேன்" என்றாள்.

உங்கள் நாய் நல்ல உடல்நிலையோடு இருந்து, உங்கள் கையில் பணமும் இருந்தால், ஓர்கானிக் உணவு வாங்குவதில் தவறில்லை. அப்போதும் மூட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற அறிவிப்பு இருக்கிறதா, எந்த வயது நாய்க்கு உரியது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் அளவுகோலின்படி, ஈரப்பதம் நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடும் குட்டிக்கு 22.5 விழுக்காடும் புரதம் வேண்டும். நோயுள்ள நாயென்றால் கடைக்காரரைக் கேட்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இது தொடர்பில் உங்கள் பட்டறிவையும் பகிர்ந்துகொண்டால் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை