ஆறு வாய், ஒரு காது

கேட்பவன் எதைக் கேட்கமாட்டான் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு எழுதப்படும் பிரதி ஒன்று உண்டு. டால்பி டிஜிட்டல் என்பது அதன் வியாபாரப் பெயர். தொழில்நுட்பப் பெயர் ஏ.ஸி.3. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. பிறகு டி.வி.டி.க்கு வந்து, இன்று கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் ஃபைலாகக் கிடக்கிறது. ஆறு சானல்கள்: முன்னால் இடம், நடு, வலம், பின்பக்கம் இரண்டு, ஆறாவது, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல்களுக்கு மட்டும். அந்த ஆறாவதுதான் 5.1 என்பதில் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஒன்று.

கணக்குப் பார்ப்பது என் உத்தியோகம். வினாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், ஆறு சானல் என்று வைத்தால் வினாடிக்கு 4,608 கிலோபிட் ஆகிறது. டி.வி.டி.யில் ஏ.ஸி.3க்கு அனுமதித்த உச்சம் 448 கிலோபிட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போயிற்று?

வங்கியில் இரண்டு வகைச் சுருக்கம் உண்டு. அன்றைய வவுச்சர்களைக் கட்டிக் கயிறு போட்டு அலமாரியில் வைப்பது ஒன்று. கட்டை அவிழ்த்தால் ஒரு காகிதம் குறையாது. மற்றது, நாள் முடிவில் வரும் மீதித்தொகை. அதை வைத்துக்கொண்டு யார் போட்டார், யார் எடுத்தார் என்று சொல்ல முடியாது. ‘ஜிப்’ ஃபைல் முதல் வகை. ஏ.ஸி.3 இரண்டாவது வகையைச் சேர்ந்தது. திறந்தாலும் போனது போனதுதான். பலமான ஒலி ஒன்று இருக்கும்போது அதன் அக்கம்பக்கத்து ஸ்தாயியில் உள்ள மெல்லிய ஒலி காதில் ஏறுவதில்லை. ஒலியை 32 மில்லிசெகண்ட் துண்டுகளாக எடுத்து, எது இப்படி மறைபடும் என்று கணித்து, அந்த இடத்தில் பிட்டுகளைக் குறைத்துவிடுகிறார்கள். மேல் ஸ்தாயிகளில் பல சானல்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவதும் உண்டு. ஆக, ஃபைலுக்குள் ஒலி மட்டும் இல்லை. ஒரு சராசரிக் காதைப் பற்றிய சித்தாந்தமும் இருக்கிறது.

எனக்கு இடது காது கேட்காது. எட்டு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி அதைக் கொண்டுபோயிற்று. கவுண்டரில் இடப்பக்கம் நின்று பேசுகிறவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள்.

சினிமாவில் ஒலிக்கலவை செய்யும் நண்பர் தன் குறும்படத்தின் ஒலியை மட்டும் ஏ.ஸி.3 ஃபைலாக அனுப்பி, ‘கேட்டுவிட்டு எழுதுங்கள்’ என்றார். கைபேசியில் இருந்த செயலியில் திறந்தேன். மழை பெய்தது. டீக்கடைப் பாத்திரங்கள் உருண்டன. தாய் பேசவேண்டிய இடத்தில் யாரும் பேசவில்லை. வசனம் வழக்கம்போல் நடுச் சானலில் இருந்திருக்கிறது. செயலி இடம், வலம் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. அந்த மௌனத்தை நவீனத்துவ உத்தி என்று கொண்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம். நம் வட்டாரத்தில் நடக்காத காரியமில்லை.

வி.எல்.ஸி.யில் திறந்தபோது தாய் வந்தாள். ஆறை இரண்டாக்க ஒரு வழக்கமான சூத்திரம் இருக்கிறது: நடுவை மூன்று டெஸிபல் தாழ்த்தி இரு பக்கத்துக்கும் பகிர்வது, பின் சானல்களையும் தாழ்த்தி அந்தந்தப் பக்கத்தோடு சேர்ப்பது, ஆறாவதைப் பெரும்பாலும் கைவிடுவது. அதற்கும் மேல் எனக்கு மோனோ வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கம் வைத்ததெல்லாம் செத்த காதுக்குள் போய்விடும். மோனோவில் அவள் குரல் மழையின் அதே புள்ளியிலிருந்து வந்தது. மழை பின்னாலும் குரல் முன்னாலும் இருந்தால் இரண்டு காதுள்ளவன் இரண்டையும் பிரித்துக்கொள்வான். ஒரே புள்ளியில் வந்தால் மழை குரலை மூடிவிடும்.

இப்படிக் கேட்டவனுக்கு அபிப்பிராயம் சொல்ல என்ன யோக்யதை?

1956இல் கொலோன் வானொலியில் ஸ்டாக்ஹவுஸன் ‘இளைஞர்களின் பாட்டு’ என்ற படைப்பை ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகளுக்கென்று அமைத்தார். ஒரு சிறுவனின் குரலைத் துண்டாடி மின்னணு ஒலியோடு சேர்த்த அதில், ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் அமைப்பின் ஒரு கூறு. வீட்டில் இசைத்தட்டு போட்டவர்களுக்குக் கிடைத்தது இரண்டு ஸ்பீக்கர்தான். அவர்கள் கேட்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். நாமும் காஃப்காவை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அவருடைய வாக்கியத்தைப் பற்றி வாதாடுகிறோம். ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றாகித்தான் நமக்கு அனேகமாக எல்லாம் வந்து சேர்கிறது. அதில் அவமானமில்லை. எத்தனை சானலில் கேட்டோம் என்று சொல்லாமல் தீர்ப்பு எழுதுவதுதான் மோசடி.

நண்பருக்கு இப்படி எழுதினேன்: ‘ஒற்றைக் காதால், மோனோவில் கேட்டது. தாய் பேசுவதில் பாதி மழையில் போகிறது. ஆறு ஸ்பீக்கரில் போகாது என்று ஊகிக்கிறேன்.’ அவர் எனக்கென்று தனியாக ஒரு மோனோ கலவை செய்து அனுப்பினார். குரல் தெளிவு, மழை குறைவு. எனக்கு முதலாவதுதான் வேண்டியிருக்கிறது. அதில் அவள் மழையோடு மல்லுக்கட்டிப் பேசுகிறாள். அந்த மல்லுக்கட்டு ஆறு சானலிலும் இருக்கிறதா என்று அவர்தான் சொல்லவேண்டும்.