நேர்மையாக ஏமாற்றும் கலை

காற்றில் பறப்பது விற்பனைத் தலைவரின் மானம். (4)

படித்ததும் ஒரு காட்சி மனத்தில் வந்துவிடும். ஏதோ ஒரு கம்பெனி, அந்த மாத இலக்கை எட்டாத ஒரு மேலதிகாரி, கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். விடை வேண்டுமென்றால் அந்தக் காட்சியை அப்படியே தள்ளிவிட வேண்டும். விற்பனைக்குத் தலைமையில் நிற்கும் எழுத்து ‘வி’. அதற்குப் பக்கத்தில் ‘மானம்’. காற்றில் பறப்பது விமானம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 4, விடையின் எழுத்துக் கணக்கு.

இதை எழுதியவர் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். எழுதிய இடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ‘தி ஹிந்து’வின் ஆங்கிலக் குறுக்கெழுத்தைக் காலையில் காப்பியோடு போட்டுப் பழகிய சிலர், தமிழில் இப்படி எழுதிப் பார்த்தால் என்ன என்று சேர்ந்த வட்டம் அது. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். போன மாதம் வென்றவர் ஒரு சொல்லைக் கொடுத்திருப்பார். அந்தச் சொல் விடையாக வரும்படி ஆளுக்கொரு குறிப்பு எழுதிவர வேண்டும். சீட்டில் பெயர் இருக்கக் கூடாது. ஒருவர் எல்லாவற்றையும் கலந்து வாசிப்பார். தன் சீட்டுக்குத் தானே வாக்களிக்கக் கூடாது. வென்றால் பரிசு, அடுத்த சொல்லைக் கொடுக்கும் உரிமை. அதற்கே பெரிய போட்டி நடக்கும்.

விடை கண்டுபிடிப்பதும் குறிப்பு எழுதுவதும் ஒரே திறமை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். என் அனுபவத்தில் இரண்டும் வெவ்வேறு. கண்டுபிடிப்பவர் ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் போடுகிறார். எழுதுபவர் ஒரே சொல்லை நாள்கணக்கில் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறார். பேருந்தில் நிற்கும்போது ‘விமானம், விமானம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தால்தான் அதற்குள் ஒரு மான் ஓடுவதும், ஒரு மானம் இருப்பதும் தெரியவரும். பிறந்ததிலிருந்து பேசிவரும் மொழியில், தினமும் சொல்லும் ஒரு சொல்லை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறோம்.

மேலே சொன்ன குறிப்பு முதலில் அந்த வடிவத்தில் இல்லை. ‘விற்பனைத் தலைவர் மானம் பறக்கும்’ என்றுதான் சீட்டில் இருந்தது. வாசித்ததும் மாடியே சிரித்தது. ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். “நல்லா இருக்கும்மா. ஆனா ‘பறக்கும்’ வினைமுற்று. உன் விடை பெயர்ச்சொல். விடையை எடுத்து அந்த இடத்துல வச்சா உட்காரணுமே?” என்றார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சார், ‘காற்றில் பறப்பது’ன்னு முன்னாடி கொண்டுவந்துட்டா?” என்றார். ஒரே ஓர் அசைவுதான். வினை பெயராகிவிட்டது. பேச்சு வழக்கில் மானம் பறப்பதும் காற்றில்தானே, அதனால் மேலே தெரியும் பொருள் முன்னைவிட இயல்பாக வந்து அமர்ந்தது. இலக்கணத்துக்காகத் திருத்தப் போக, அழகும் கூடிவிட்டது. நல்ல குறிப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. நியாயமும் நயமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கணக்காசிரியர் பிடிவாதமாக நின்ற இடம் புதிதன்று. இந்தக் கலையின் அடிப்படையே அதுதான். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது குறிப்புகள் நேரான அர்த்தம் மட்டுமே கொண்டிருந்தன. அதைத் திருகலான ஆட்டமாக்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். லண்டனின் ‘அப்சர்வர்’ வார இதழில் 1926 முதல் டார்க்கெமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் புதிர் போட்டார். 1939இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் ஸிமினீஸ். இயற்பெயர் டெரிக் சாமர்செட் மக்நட். பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். 1972இல் தொடங்கினார் ஏஸெட் என்ற ஜோனதன் க்ரௌதர். மூன்று புனைபெயரும் ஸ்பெயின் நாட்டு மதவிசாரணை அதிகாரிகளிடமிருந்து வந்தவை. கடைசிப் பெயர் மட்டும் டெஸா என்பதைத் திருப்பிப் போட்டது. புதிர் போடுபவர் தம் பெயரையே புதிராக்கியிருக்கிறார்.

ஸிமினீஸும் ஏஸெட்டும் தங்கள் வாசகர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கட்டத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் நேரான அர்த்தத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குத் திருகலான குறிப்பு எழுதி அனுப்ப வேண்டியது வாசகர் பொறுப்பு. யார் வென்றார்கள், எந்தக் குறிப்பு ஏன் தேறியது, எது ஏன் தேறவில்லை என்று விளக்கி ஒரு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டுகளில் ஓயாமல் மோதிக்கொண்ட பெயர்களில் இரண்டு, லாயிட்ஸ் வங்கியின் தலைவராயிருந்த சர் ஜெரமி மோர்ஸ், மிஸஸ் பி. லூயிஸ் என்ற பெயரில் எழுதிய டாரத்தி டெய்லர். அதே களத்தில் இறங்கியவர்தான் கோலின் டெக்ஸ்டர். 1975இல் வெளிவந்த தம் முதல் துப்பறியும் நாவலில் இன்ஸ்பெக்டருக்கு மோர்ஸ் என்றும், உடனிருக்கும் சார்ஜெண்டுக்கு லூயிஸ் என்றும் பெயர் வைத்தார். போட்டியாளர்களுக்கு இப்படி ஒரு மரியாதை வேறு எந்த விளையாட்டிலாவது கிடைத்திருக்கிறதா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு.

அந்த மரபின் சட்டத்தை வகுத்தவர்களில் முக்கியமானவர் அஃப்ரிட் என்ற புனைபெயர் கொண்ட ரிட்சி. 1949இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: புதிர் போடுபவர் ஒன்றைச் சொல்வதுபோல் காட்டி வேறொன்றைக் கருதலாம், ஆனால் கருதியது அந்தச் சொற்களுக்குள் முழுசாக இருந்தாக வேண்டும். விடை தெரிந்தபின் வாசகர் குறிப்பைத் திரும்பப் படித்தால், ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்திருப்பது தெரிய வேண்டும். அழகுக்காகச் சும்மா ஒரு சொல் நின்றால் அது தவறு. விடை கிடைத்த பிறகும் “இது எப்படி?” என்று வாசகர் தலையைச் சொறிந்தால் தோற்றது எழுதியவர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், எழுதுபவரின் நோக்கமே கடைசியில் தோற்பதுதான். சதுரங்கத்தில் எதிராளி வென்றால் நமக்கு வருத்தம். இங்கே எதிராளி வென்று முகம் மலர்வதைப் பார்க்கத்தான் இத்தனை பாடு.

தமிழுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒத்துவரும் என்பதற்குச் சாட்சி, கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழிலேயே இவ்வகைக் குறுக்கெழுத்து வந்திருப்பது. ஆனால் ஆங்கில உத்திகளை அப்படியே தூக்கிவந்தால் நடக்காது. நம் எழுத்தின் குணம் வேறு. ஆங்கிலத்தில் ஒரு கட்டம் நிறைந்தால் உயிரோ மெய்யோ ஒன்றுதான் தெரியும். இங்கே ‘டி’ என்று விழுந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து தெரிந்துவிடும். விடை காண்பவருக்கு அது பெரிய உதவி. எழுதுபவருக்கோ கலைத்துப் போடுவது கஷ்டம். ‘கலவை’யைக் கலைத்தால் ‘கவலை’ வரும் என்று முதலில் ஆசையாக இருக்கும். எழுதிப் பார்த்தால் ஒன்றில் ‘வை’, இன்னொன்றில் ‘லை’. வராது. கிடைக்கும்போதோ அற்புதமாகக் கிடைக்கும்.

நகரம் குழம்பினால் வருவது. (4)

‘நகரம்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் குழப்பினால் நரகம். நகரமே குழம்பினாலும் நரகம்தான். குறிப்பு முழுவதும் உத்தியாகவும் இருக்கிறது, முழுவதும் அர்த்தமாகவும் இருக்கிறது. இந்த வகையைத்தான் எழுதுபவர்கள் உச்சம் என்பார்கள். மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலையில் ஒரு மணிநேரம் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

சொல்லைத் திருப்பிப் போடுவதும் நமக்கு எளிதல்ல. ம், ன், ல், ர் என்று மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் ஏராளம். மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லோ கிடையாது. ஆகவே அவற்றைத் திருப்பினால் ஒன்றும் தேறாது. வேற்றுமை உருபுகள் இன்னொரு தலைவலி. ஆங்கிலத்தில் ‘உள்ளே’ என்பதற்கான சொல் தனியாக நிற்கும். நமக்கு அது பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். எங்கே வெட்ட வேண்டும் என்பதை எழுதுபவரும் வாசகரும் சேர்ந்தே பழக வேண்டியிருக்கிறது. ஈடாக ஒரு வரமும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமில்லை. ‘மணி’ ஆளா, ஓசையா, நேரமா, நெல்லா? ‘மலர்’ பூவா, பக்கத்து வீட்டு அக்காவா? ஆங்கிலத்தில் ஆள் பெயரை மறைக்க வாக்கியத்தின் தொடக்கத்தில் கொண்டுபோய் ஒளிக்க வேண்டும். நமக்கு எழுத்தே ஒளித்துக் கொடுக்கிறது.

எங்கள் வட்டத்தில் நெடுநாள் நடந்த வழக்கு புணர்ச்சியைப் பற்றியது. ‘பட்டறை’க்கு ஒருவர் எழுதினார்: காஞ்சியில் நெய்ததும் விடுதியில் தங்குவதும் சேர்ந்தால் கொல்லர் உழைக்கும் இடம். பட்டு, அறை, பட்டறை. கணக்காசிரியர் ஒப்பவில்லை. ‘டு’ எங்கே போயிற்று, ‘அ’ எங்கே போயிற்று, கட்டத்தில் இல்லாத எழுத்துகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்றார். அவர் கேட்டது நியாயம். பதில் சொன்னவர் தமிழாசிரியையாக இருந்த மாமி. எங்களில் மூத்தவர். “சார், இது தமிழ்ல இன்னிக்கு வந்த பழக்கமில்ல. தண்டியலங்காரம் பாருங்கோ” என்றார்.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அணியிலக்கண நூல் அது. அதில் சித்திரகவி வகைகள் வரிசையாக வருகின்றன. திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்று, ஒரு பாட்டுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும் கரந்துறைச் செய்யுள், ஓர் எழுத்தில் தொடங்கிச் சொல்லை வளர்த்துக்கொண்டு போகும் எழுத்து வருத்தனம். இவற்றோடு வினாவுத்தரம் என்றும் ஒன்று. சின்னச் சின்னக் கேள்விகள் வரிசையாக வரும். விடைகளைச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கான விடை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டுப் பாட்டில், தாமரையில் இருப்பவள் யார் என்றால் திரு. போகிறவனை அனுப்புபவர் சொல்லும் சொல் ஏகு. போரில் பாயும் கணை அம்பு. அழகுக்கு ஒரு பெயர் அம். பிறை சூடியவன் விரும்பி உறையும் இடம்? திரு, ஏகு, அம்பு, அம் எல்லாம் புணர்ந்து திருவேகம்பம். காஞ்சிபுரத்துக் கோயில்.

மாமி தாளில் எழுதிக் காட்டினார். நாங்கள் ஒருவரும் பேசவில்லை. லண்டன் பத்திரிகையிலிருந்து கற்றுக்கொண்டதாக நாங்கள் நினைத்திருந்த ஆட்டம், கட்டம் மட்டும் இல்லாமல், இங்கே எப்போதோ ஆடப்பட்டிருக்கிறது. அதிலும் புணர்ச்சி தடையாக இல்லை. கணக்காசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சரி, பட்டறை பாஸ்” என்றார். அன்றிலிருந்து எங்கள் விதி இது: இலக்கணப்படி புணர்ந்தால் செல்லும், இஷ்டப்படி புணர்ந்தால் செல்லாது.

அதே மாமி ‘மாதவன்’ என்ற சொல்லுக்கு எழுதியது இன்றும் எனக்குப் பெருமை தருவது. மானுக்குள் மிக ஒளிந்த கண்ணன். ‘மிக’ என்பதற்கு ‘தவ’ என்ற பழைய உரிச்சொல் இருக்கிறது. அதை மான் என்ற சொல்லுக்குள் ஒளித்தால் மா, த, வ, ன். சால, தவ, நனி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த சொல், ஒரு விளையாட்டில் உயிரோடு எழுந்து வந்து நின்றது. அன்றைக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டுக்குப் போய் உரிச்சொற்களை எல்லாம் தேடி எழுதிக்கொண்டு வந்தார். இலக்கணம் படிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பள்ளிகளில் தமிழ் மன்றங்கள் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வைக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பு எழுதும் போட்டியும் வைக்கலாம்.

பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கொடுக்க எளியவை போதும். ‘அப்பா தைத்ததில் மறைந்திருக்கும் வழி’ என்றால், எட்டு வயதுக் குழந்தைகூட விரலை வைத்து ‘பா’வையும் ‘தை’யையும் தொட்டு, பாதை என்று கத்திவிடும். ‘மன்னர் ஊரில், கோயில் வாசலில் உயர்ந்து நிற்பது’ என்றால் கோ, புரம் என்று பிரிக்கக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வரும். அதிலும் ‘ஊரில்’ என்ற உருபு உறுத்துகிறது என்று எங்கள் கணக்காசிரியர் சொல்வார். சொல்லட்டும். யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் குறிப்பு சீராகும்.

எங்கள் அடுத்த கூட்டத்துக்கான சொல் ‘தாழ்வாரம்’. தாழ், வாரம் என்று பிரிவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு கதவு தாழிட்ட ஒரு வாரத்தைப் பற்றி வாக்கியம் அமைக்கலாம், அல்லது வேறு வழியில் உடைக்கலாம். நீங்களும் ஒரு சீட்டில் எழுதி, விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.