அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது

ஜூனியர் பொறந்து ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. அப்பவே எழுதணும்னு நினைச்சது இது. எழுத உக்கார்றப்பல்லாம் வெக்கமா இருக்கும், எந்திரிச்சுப் போய் துணி மடிச்சு வெச்சுடுவேன். இன்னிக்கு ரங்கமணி பையனைத் தூக்கிட்டு கீழே போயிருக்கார், மடிக்கத் துணியும் இல்ல. எழுதிடறேன்.

நாங்க இருக்கிறது குர்கான். 2016-லயே குருகிராம்னு பேர் மாத்தியாச்சு, ஆனா எங்க ஏரியா ஆட்டோக்காரங்ககிட்ட இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரலை. பிரசவத்துக்கு ஊருக்கே போயிடலாம்னுதான் முதல்ல பிளான். டாக்டர் இங்கதான், இன்ஷூரன்ஸ் இங்கதான், ரங்கமணிக்கு லீவ் கிடையாதுன்னு ஆயிரம் காரணம், கடைசில அம்மாதான் திருநெல்வேலிலேருந்து கிளம்பி வந்தாங்க. திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி. ரெண்டு பெட்டி. ஒண்ணுல அவங்க துணி, இன்னொண்ணுல சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, பூண்டு, நல்லெண்ணெய், கூடவே பாட்டியோட பழைய நூல் சேலை நாலு.

2023 அக்டோபர் கடைசில ஜூனியர் வந்து சேர்ந்தார். அடுத்த வாரமே ஊர் முழுக்கப் புகைமூட்டம். ஜன்னலைத் திறக்க முடியாது. அம்மா அந்தப் புகையைப் பாத்துட்டு, "ஏட்டி, இவங்க ஊரே சேந்து சாம்பிராணி போடுதாங்களா?"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்ச ஹிந்தி மொத்தம் ரெண்டு வார்த்தை, பானி, பஸ். அதை வெச்சுக்கிட்டே ரெண்டு மாசம் ராஜ்ஜியம் நடத்தினாங்க. ஹால்ல ஃபேன் மாட்டாம காலியா இருந்த கொக்கில பாட்டி சேலையில தொட்டில் கட்டினாங்க. ஜூனியருக்கு அது சுத்தமாப் பிடிக்கலை. போட்ட அரை நிமிஷத்துல வீல்னு கத்துவான். "ஊர்ல எல்லாப் பிள்ளையும் இதுலதாம்லா உறங்கும், இது என்ன டெல்லிப் பிள்ளையா"ன்னு அம்மாவுக்கு ஒரே அங்கலாய்ப்பு.

கிறிஸ்துமஸ் வாரம் அம்மா கிளம்பணும். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. மாமியாருக்கு இந்தக் குளிர் ஒத்துக்காது. நான் சமாளிச்சுக்குவேன்னு வீறாப்பா சொல்லிட்டேன். எம்.பி.ஏ. படிச்சவளாச்சே, பன்னெண்டு பேர் டீமை மேய்க்கிறவளாச்சே, நாலே முக்கால் கிலோவைச் சமாளிக்க மாட்டேனா!

சமாளிக்கலை. ஜனவரியில வெளியே நாலு டிகிரி, அஞ்சு டிகிரி. ரங்கமணி காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டுக்கு வருவார். ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால். ஒருநாள் மதியம் மூணு மணி இருக்கும். அழுகை நிக்கவே இல்ல. அவனைக் கட்டில் நடுவுல படுக்க வெச்சு, சுத்தி தலகாணி வெச்சுட்டு, பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்தி, சத்தம் கேக்கக்கூடாதுன்னு குழாயைத் திறந்துவிட்டு தரையில உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. வாளி நிரம்பி வழிஞ்சு கால் நனைஞ்சப்பதான் எந்திரிச்சேன். அவன் அழுது அழுது தூங்கியிருந்தான். சின்னக் குழந்தையைச் சுத்தி தலகாணி வெக்கவே கூடாதுன்னு அப்புறம்தான் எனக்குத் தெரியும். இன்னிக்கு நினைச்சாலும் வயித்தைப் பிசையுது. இதை ரங்கமணிகிட்ட சொல்லவே பத்து நாள் ஆச்சு.

என்னைக் காப்பாத்தினது ஒரு பெஞ்சு. எங்க பில்டிங்குக்குப் பின்னாடி, காலைல பதினொரு மணிலேருந்து ஒரு மணி வரை வெயில் விழுற ஒரே இடம். நம்ம ஊர்ல வெயிலைக் கண்டா ஓடுவோம். இங்க ஜனவரில வெயிலைத் தேடி ஓடணும். அங்க தினமும் மூணு பேர், மடில ஆளுக்கொரு மூட்டை. லக்னோக்காரி, கொல்கத்தாக்காரி, ஒரு பாலக்காட்டு சேச்சி. நான் நாலாவது மூட்டையோட போய் உக்காந்தேன். யாரும் ஊர், பேர், சம்பளம் எதுவும் கேக்கலை. "ராத்திரி எத்தனை தடவை?"ன்னு லக்னோக்காரி கேட்டா. அஞ்சுன்னேன். "எனக்கு ஏழு"ன்னா. அவ்வளவுதான், சொந்தமாயிட்டோம்.

அந்தப் பெஞ்சுல நான் கத்துக்கிட்டதை எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கலை. பிழிஞ்செடுத்த தாய்ப்பாலை வெளியே வெச்சா நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா வெச்சா நாலு நாள். கதவுப் பக்கம் வெக்கக்கூடாது, திறந்து மூடுறப்ப சூடாகும். பால் கசியறதுக்கு உள்ளே வெக்கிற பேடை நனைஞ்ச உடனே மாத்தணும், இல்லேன்னா புண்ணாகும். லக்னோக்காரி மாமியார் அனுப்பின கோந்து லட்டுவை நான் தின்னேன், என் பூண்டுக் குழம்பை அவ முகத்தைச் சுளிச்சுக்கிட்டே தின்னா. சேச்சி நர்ஸா இருந்தவங்க. ஒருநாள் என் முகத்தைப் பாத்துட்டு ஒரு தாளை நீட்டினாங்க. எடின்பரோ ஸ்கேலாம், 1987-ல வந்தது, மொத்தம் பத்தே கேள்வி. போன ஏழு நாள்ல சிரிச்சீங்களா, காரணமே இல்லாம உங்களையே குத்தம் சொல்லிக்கிட்டீங்களா, அந்த மாதிரி. எனக்கு 14. "பதிமூணோ மேலயோ வந்தா டாக்டரைப் பாக்கணும் மோளே"ன்னாங்க. வியாதின்னு சொல்லலை, பாக்கணும்னு மட்டும் சொன்னாங்க. பாத்தேன். வாரத்துக்கு ஒருதரம் போய்ப் பேசினேன். அந்தக் குழாய்ச் சமாச்சாரத்தை முதல்ல சொன்னது அங்கதான்.

சரி, வெக்கமான விஷயத்துக்கு வரேன்.

எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க, பெருக்கித் துடைக்க ஒரு அம்மா வருவாங்க. மால்டாப் பக்கம் ஊர். நான் அவங்களை தீதின்னு கூப்பிடுவேன், அவங்க என்னை பாபின்னு கூப்பிடுவாங்க. நான் நிறைமாசமா இருந்த செப்டம்பர்ல, ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போனவங்க முப்பது நாள் வரலை. எனக்கு வந்ததே கோபம். "நான் இந்த நிலைமையில இருக்கறப்ப விட்டுட்டுப் போறா பாரு"ன்னு ரங்கமணிகிட்ட பொரிஞ்சேன். திரும்பி வந்ததும் அந்த மாசச் சம்பளம் 4,500 ரூபாயைக் கழிச்சுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலை.

பிப்ரவரி முதல் வாரம். நான் குளிச்சிட்டு இருந்தேன், ஜூனியர் கத்த ஆரம்பிச்சான். ஓடி வந்து பாக்கறேன், தீதி சிங்க் விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கறாங்க. குழாய் மூடியிருக்கு. "க்யா ஹுவா தீதி?"ன்னேன். திரும்பினாங்க. குர்த்தா முன்பக்கம் ஈரம். முதல்ல பாத்திரம் கழுவின தண்ணின்னுதான் நினைச்சேன். அப்புறம் பாத்தேன், ரெண்டு வட்டம். அந்த ரெண்டு வட்டம் என்னன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு நாலு தடவை மாத்தறேனே.

"உங்க பையன் அழுதா எனக்கு வந்துடுது பாபி"ன்னாங்க, தப்பு பண்ணிட்ட மாதிரி.

எந்தக் குழந்தை அழுதாலும் தாயோட உடம்பு பாலை இறக்கிடும், யார் பெத்ததுன்னு அதுக்குத் தெரியாது. இதை எனக்குச் சொன்னதும் அதே பெஞ்சுதான்.

பொண்ணு. அஞ்சு மாசம். மூணாவது. ஊருக்கெல்லாம் போகவே இல்ல. ஒரு கிலோமீட்டர் தள்ளி அவங்க குடிசையிலதான் இருந்திருக்காங்க, இங்க இருக்கற அரசு ஆஸ்பத்திரிலதான் பிரசவம். உண்மையைச் சொன்னா வேற ஆளை வெச்சுடுவோம்னு பயம். அந்தப் பயமும் வீண் இல்ல, அஞ்சு வீட்டுல ரெண்டு வீடு அந்த ஒரு மாசத்துல ஆள் மாத்தியாச்சு. இப்போ கைக்குழந்தையைப் பாத்துக்கறது மூத்த பொண்ணு. வயசு பதினொண்ணு. ஸ்கூலுக்கு? "குட்டி கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் போவா"ன்னாங்க.

எனக்கு 26 வாரம் லீவ், முழுச் சம்பளத்தோட. 2017-ல சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கினாங்க. அம்பதோ அதுக்கு மேலயோ பேர் வேலை பாக்கற இடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கணும்னும் அதுலதான் வந்துச்சு, எங்க ஆஃபீஸ்ல இருக்கு. அந்தச் சட்டம் ஃபேக்டரிக்கு, கடைக்கு, கம்பெனிக்கு. ஒரு வீட்டுக்குள்ள பாத்திரம் தேய்க்கறவங்களுக்கு அது எட்டாது. பிரதமர் பேர்ல மத்திய அரசு தர்ற 5,000 ரூபாய் உதவியும் முதல் குழந்தைக்குத்தான். ஆக மூணாவது பெத்தவங்களுக்கு லீவ் குடுக்க வேண்டிய ஆள்னு யாராவது இருந்தா, அது நான்தான். நான் என்ன குடுத்தேன்னு மேலேயே எழுதியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு, "ஏட்டி, உனக்குத் தெரியாதா?"ன்னாங்க.

"என்ன தெரியாதா?"

"அவ பிள்ளை பெத்தவன்னு. நான் வந்த ரெண்டாம் நாளே தெரிஞ்சுதே. உக்காரும்போது இடுப்பைப் பிடிச்சுட்டுல்லா உக்காந்தா. அதாம்லா தினமும் லேகியம் உருட்டிக் குடுத்தேன்."

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அம்மா தினமும் அவங்களுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் தட்டு நிறையப் போட்டுக் குடுத்ததை, மிச்சத்தைக் குடுக்கறாங்கன்னு நினைச்சேன். லேகிய உருண்டையை அவங்க வாயில போட்டுட்டு, தண்ணி குடிக்காதேன்னு கையாலயே ஜாடை காட்டினது கூட ஞாபகம் வந்துச்சு. நான் சோஃபால உக்காந்து போனை நோண்டிக்கிட்டு, "அம்மா, அவங்களுக்கு அந்தக் கசப்பெல்லாம் பிடிக்காது"ன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"உன் வீட்டு ஆளு. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன்."

மறுநாள் 4,500 ரூபாயைக் குடுத்தேன். எண்ணிப் பாத்து துப்பட்டா நுனியில முடிஞ்சுக்கிட்டாங்க. ஏன்னு கேக்கலை. அப்போ ஏன் குடுக்கலைன்னும் கேக்கலை. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னேன். மூணு நாள் கழிச்சு, போர்வையில சுருட்டிக் கொண்டு வந்தாங்க. கீழேயிருந்து செக்யூரிட்டி போன், குழந்தையோட ஒரு வேலைக்காரம்மா வந்திருக்காங்க, விடலாமான்னு. விடுங்கன்னேன்.

அந்தப் பொண்ணைத் தொட்டில்ல போட்டோம். கண்ணை ஒரு சுத்து சுத்திப் பாத்தா, ஒரு கொட்டாவி, ரெண்டு மணி நேரம் தூக்கம்! கரூர், கன்யாகுமரி எல்லாம் சொல்லித் தாலாட்டியும் தூங்காத எங்க துரை பக்கத்துல படுத்துக்கிட்டு அதை முறைச்சுப் பாத்துட்டு இருந்தார். வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "அதான் பிள்ளை"ன்னு பதில் வந்துச்சு :)

பெஞ்சுக்கும் கூட்டிட்டுப் போனேன். இதை நல்லா முடிஞ்ச கதையா எழுத ஆசைதான். சேச்சி உடனே மடியில வாங்கிக்கிட்டாங்க. கொல்கத்தாக்காரி பெங்காலில பேச ஆரம்பிச்சதும் தீதி முகம் மலர்ந்ததை நான் அதுக்கு முன்னே பாத்ததே இல்ல. லக்னோக்காரி மட்டும், ராத்திரி எத்தனை தடவைன்னு என்னைக் கேட்ட அதே லக்னோக்காரி, "தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா?"ன்னு என்கிட்ட கேட்டா, தீதிகிட்ட இல்ல. தீதி பையிலேருந்து அட்டையை எடுத்து நீட்டினாங்க. ஆறு, பத்து, பதினாலு வாரம் மூணும் தேதி தவறாம போட்டிருக்கு. சளின்னு காரணம் சொல்லி ஜூனியரோட பத்து வார ஊசியை ரெண்டு வாரம் தள்ளிப் போட்டவ நான்தான். அதுக்கப்புறம் தீதி பெஞ்சுக்கு வரலை. மத்த வீட்டு வேலை இருக்குன்னாங்க. நானும் வற்புறுத்தலை, லக்னோக்காரிகிட்டயும் ஒண்ணும் கேக்கலை. அவ ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் பண்ணி எத்தனையோ நாள் என்னைத் தாங்கினவ, அதையும் சொல்லணும்ல.

ஆனா எங்க வீட்டுல இருக்கற ஒண்ணரை மணி நேரம், மார்ச் கடைசி வரைக்கும், ரெண்டும் ஒண்ணா கிடந்துச்சுங்க. வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தீதி உக்காந்து பால் குடுப்பாங்க, எதிர்ல நான். பெருசா ஒண்ணும் பேசிக்க மாட்டோம். அவங்க பெரிய பொண்ணு காலை வேளையில மறுபடியும் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சா. எல்லா நாளும் இல்ல. வாரத்துல நாலு நாள்னு வெச்சுக்கலாம்.

ஏப்ரல் கடைசில எனக்கு லீவ் முடிஞ்சுது. ஜூனியர் ஆஃபீஸ் காப்பகத்துக்கு, தீதி பொண்ணு திரும்பவும் அக்கா இடுப்புக்கு. தொட்டிலைக் கழட்டித் துவைச்சு மடிச்சு, பாட்டி சேலையை தீதிக்குக் குடுத்துட்டேன். அம்மா என்ன சொல்வாங்களோன்னு பயந்துகிட்டேதான் போன்ல சொன்னேன். பாட்டி ஞாபகமா அவங்க வெச்சிருந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "குடுத்தது சரி. அவ வீட்டுல கொக்கி இருக்காட்டி?"ன்னு கேட்டாங்க.

அதையும் நான் கேக்கலை.