அம்மாவுக்குத் தெரிந்த சத்தம்

எங்கள் எக்கியார்குப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டே என்ன வண்டி வருகிறது என்று சொல்லிவிடலாம். 'டப்... டப்...' என்று நிதானமாக வந்தால் புல்லட். அதற்காக 1955-லேயே சென்னையில் கம்பெனி தொடங்கினார்களாம். 'ரீங்ங்...' என்று கத்தினால் ஆர்.எக்ஸ். 100. அதை 1996-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பசங்களுக்கு அதன்மேல் ஒரு கண்!

ஏன் இந்த வித்தியாசம்? டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை பெட்ரோல் எரியும். புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால்தான் ஒன்று கத்துகிறது, ஒன்று எண்ணி எண்ணிப் பேசுகிறது.

எனக்குப் பிடித்ததோ அப்பாவின் பழைய டி.வி.எஸ். 50. மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றி, ஊர் ஊராக உப்பு விற்பார். சாயங்காலம் ஈ.சி.ஆரிலிருந்து வண்டி திரும்பும்போதே அம்மா காது கொடுத்துக் கேட்பார். சத்தம் லேசாக இருந்தால், "வித்துப்போச்சுடா" என்று சிரிப்பார். முக்கி முக்கி வந்தால் ஒன்றும் பேசாமல் சோற்றுப் பானையை இறக்குவார். அன்று நான் நோட்டுக்குக் காசு கேட்க மாட்டேன்.

போன வருஷம் அப்பா எக்ஸ்.எல். 100 வாங்கினார். ஃபோர் ஸ்ட்ரோக். புகை இல்லை, மைலேஜும் அதிகம். அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் வாசலுக்கு வந்த பிறகுதான் சத்தமே கேட்கிறது.

இப்போது அம்மா காது கொடுப்பதில்லை. சாயங்காலமானால் தெருவுக்கே வந்து நிற்கிறார். நானும் கூட நிற்கிறேன்.